புடலைக்குக் கட்டிய கல்

புடலங்காயின் நுனியில் சிறு கல்லொன்றைச் சணலாலோ வாழை நாராலோ கட்டித் தொங்கவிடும் வழக்கம், காவிரிப் படுகையின் வீட்டுக் கொல்லைகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எங்கும் காணப்பட்டது. நீளப் புடலையின் பிஞ்சு, அதன் போக்கில் விடப்பட்டால் சுருண்டும் வளைந்தும் பந்தற்கொடிக்குள் சிக்கிக்கொள்ளும் இயல்புடையது. வளைந்த காயை நறுக்குவது தொல்லை, விற்பது அதனினும் தொல்லை. ஆகவே பிஞ்சு ஒரு முழ நீளத்தை எட்டும் முன்பே அதன் நுனியில் எடை ஏற்றப்பட்டது. காயும் நேராகக் கீழிறங்கி, பந்தலடியில் நடப்பவரின் தோளில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகங்களுள் ‘கோ 1’ எனப்படும் புடலை ஐந்தடிக்கு மேல் நீளக்கூடியது. அதற்குப் பின் வந்த ‘கோ 2’ ஏறத்தாழ ஓரடியில் நின்றுவிடும் குட்டை இரகமாகும். பையில் அடங்குவதும் வண்டியில் முறியாமல் வருவதும் குட்டைக் காயே என்பதால், நகரத்துக் கடைகளில் அதுவே நிலைபெற்றது. குட்டைக் காய்க்குக் கல் தேவையில்லை. சென்னைக் காய்கறிக் கடையொன்றில் வெள்ளரிக்காயைப் போல் அடுக்கப்பட்டிருக்கும் புடலங்காய்களைக் கண்டதும் ஒருவருக்குக் கல்லின் நினைவு வருமாயின், அவர் பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவராகவும் கொல்லையுள்ள வீட்டில் வளர்ந்தவராகவும் இருப்பார் என்று கொள்ளலாம்.

இங்கு விவரிக்கப்படும் நினைவுகள் அத்தகைய ஒருவருடையவை. பாபநாசத்திற்கு அருகே, குடமுருட்டி ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்து வளர்ந்த ஓட்டு வீடு, தெருவிலிருந்து பின்பக்கம்வரை ஒரே நேர்க்கோட்டில் நீளும் அமைப்புடையது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை ஆகியவற்றைக் கடந்தால் கிணற்றடி வரும், கிணற்றடியைக் கடந்தால் கொல்லை வரும். கொல்லைக் கதவை ஒட்டிய மாடக்குழியில், விளக்கு வைப்பதற்கென்று சுவரில் விடப்பட்ட அச்சிறு பொந்தில், விளக்குக்குப் பதிலாக ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. புடலைக்குரிய கற்கள் அதில் கிடந்தன. ஒவ்வொரு கல்லிலும் பழைய கயிற்றின் தடம் பழுப்பாகப் பதிந்திருந்தது. காய் பறிக்கப்பட்டதும் கல் அவிழ்க்கப்பட்டுக் கொட்டாங்கச்சிக்குத் திரும்பிவிடும், அடுத்த பிஞ்சுக்காகக் காத்திருக்கும். அவற்றைக் காக்கும் பொறுப்பு அவ்வீட்டின் பேரனுக்கு உரியதாக இருந்தது.

கல்லைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. எடை மிகுந்தால் காம்பு இற்றுப் பிஞ்சு விழுந்துவிடும், குறைந்தாலோ பிஞ்சு கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வளையும். எனவே பிஞ்சின் பருமனைப் பார்த்து, கல்லை உள்ளங்கையில் ஏந்தி எடை அறிந்து, காய் நீள நீளச் சிறு கல்லை அவிழ்த்துப் பெரிய கல்லைக் கட்ட வேண்டும். கயிறு தோலில் வெட்டாதவாறு வாழை நாரை நீரில் நனைத்துக் கட்டுவதும் இதில் அடங்கும். அவ்வூர்ப் பக்கம் அப்பாயி என்று அழைக்கப்படும் தந்தையின் தாய், இவற்றுள் எதையும் பேரனுக்கு வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை. கல்லை வாங்கிப் பார்ப்பார், தலையசைப்பார் அல்லது திருப்பிக் கொடுப்பார். கற்பித்தல் என்பது அவ்வளவே. காய்கறி வளர்ப்பைக் கற்றுக்கொண்டிருப்பதாக அச்சிறுவனுக்கோ கற்றுக்கொடுப்பதாக அம்மூதாட்டிக்கோ ஒருபோதும் தோன்றியிராது.

அக்கொல்லையின் இயக்கத்தைப் பின்னாளில் நினைத்துப் பார்க்கும்போது தெளிவாவது, அது தோட்டமாகத் திட்டமிடப்பட்டதே இல்லை என்பதாகும். வீடு வேண்டாமென்று கழித்தவை போய்ச் சேரும் இடமாகவே அது இருந்தது. கிணற்றடியில் குளித்த நீரும் துணி அலசிய நீரும் வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தன. பாத்திரங்கள் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்கப்பட்டமையால், அந்நீரால் செடிக்குக் கேடு நேரவில்லை. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போனது. மாட்டின் சாணம் எருக்குழிக்குப் போனது. எருக்குழி ஆண்டுக்கொரு முறை வெட்டப்பட்டு வயலுக்குப் போக, அடியில் ஒட்டிய நான்கைந்து கூடை எரு கொல்லைப் பாத்திகளில் விழுந்தது. கிழிந்த பாயும் முறிந்த மூங்கிலும் பந்தலாயின. அடுப்புச் சாம்பல், பாத்திரம் தேய்த்தது போக எஞ்சியது, அவரைக் கொடியின் மேல் விடியலில் தூவப்பட்டது. இலையில் பனி ஈரம் இருக்கும்போது தூவினால்தான் சாம்பல் ஒட்டும், ஒட்டினால்தான் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி விலகும். காசு கொடுத்து வாங்கிய பொருளென்று அக்கொல்லையில் ஒரு மண்வெட்டியையும் ஒரு களைக்கொட்டையும் தவிர வேறெதுவும் இருந்ததாக நினைவில்லை.

விதையும் வாங்கப்படுவதில்லை. ஒவ்வொரு கொடியிலும் முதல் ஈட்டில் வந்த, வடிவம் கெடாத காயொன்று பறிக்கப்படாமல் விடப்படும். விதைக்காய் என்று பெயர்பெறும் அதன் காம்பில், யாரும் தவறிப் பறித்துவிடாதிருக்கப் பழைய புடவைக் கிழிசல் ஒன்று கட்டப்பட்டிருக்கும். கறிக்குப் பறிக்கப்படும் பச்சைப் புடலையை மட்டுமே அறிந்தவர் விதைப் புடலையைக் கண்டால் வேறொரு கனியென்றே எண்ணுவர்: அது செம்மஞ்சளாகப் பழுத்து, நுனியில் வெடித்து, உள்ளே குங்குமச் சிவப்பான சதைக்குள் விதைகளைப் பொதிந்துவைத்திருக்கும். கழுவி உலர்த்திய சுரை, பூசணி விதைகள் பச்சைச் சாணத்தில் பதிக்கப்பட்டு, வரட்டியாகத் தட்டப்பட்டு, கொல்லைச் சுவரில் ஒட்டப்பட்டன. கத்தரி, மிளகாய் விதைகள் சாம்பலில் பிசறப்பட்டுப் பானைக்குள் சென்றன. ஆடியில் முதல் மழை விழுந்ததும் வரட்டியை உடைத்து அப்படியே குழியில் வைத்துவிடுவர். அதனால் விதையோடு எருவும் சேர்ந்து போனது.

பட்டம் என்பது விதைப்புக்குரிய பருவத்தைக் குறிக்கும்; தமிழகத்தில் ஆடிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று அது பலவாக வழங்கினும், கொல்லைக்குரியது ஆடிப்பட்டமே. ஆடியில் ஊன்றிய பறங்கி, மார்கழிக்குள் கூரைமேல் ஏறிப் பூத்துத் தள்ளும். வாசற்கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பறங்கிப்பூவைச் செருகி வைப்பது அம்மாதத்து வழக்கமாதலால், விடியலுக்கு முன் பூப்பறிக்கும் வேலை சிறுவர்களுக்கு வாய்த்தது. அவர்களுக்குக் கூறப்பட்ட கட்டளை ஒன்றே: அடியில் சிறு உருண்டையுள்ள பூவைத் தொடக் கூடாது, மெலிந்த நீண்ட காம்புள்ள பூவை மட்டும் பறிக்க வேண்டும். அவ்வுருண்டைதான் காயாக மாறும் சூற்பை என்பதையும், மெலிந்த காம்புடையது ஆண்பூ என்பதையும், பறங்கி முதலிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றும் என்பதையும் பள்ளியில் தாவரவியல் பாடமாகப் படித்தபோது, வகுப்பில் பாதிப் பேர் அதை ஏற்கெனவே அறிந்திருந்தனர். அறிந்திருந்ததாக அவர்களுக்குத்தான் தெரியவில்லை. ஆண்பூக்களையும் முழுவதுமாகப் பறித்துவிடலாகாது என்பது அப்பாயியின் துணைவிதி. எத்தனை விட வேண்டும் என்று கேட்ட பேரனுக்கு, “வண்டுக்கு நாலு வச்சிட்டு வா” என்று விடை வந்தது.

எல்லா விதிகளுக்கும் இத்தகைய காரணம் உண்டென்று கூறிவிட முடியாது. பிஞ்சை நோக்கி விரல் நீட்டினால் அது அழுகிவிடும் என்ற நம்பிக்கை அவ்வூரில் வலுவாக இருந்தது. காட்ட வேண்டுமானால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். மகரந்தம் சேராத பெண்பூவின் பிஞ்சு இரண்டொரு நாளில் மஞ்சளித்து உதிர்வதும், பழ ஈ என்னும் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடுவதால் காய் கோணி அழுகுவதும் கொடிவகைகளில் இயல்பாக நேர்பவை. நேற்று இருந்த பிஞ்சு இன்று அழுகிக் கிடந்தால், நேற்று வந்துபோன விருந்தாளியின் விரல் நினைவுக்கு வருவது மனித இயல்பு. எனினும் அந்நம்பிக்கையால் ஒரு பயன் விளைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை; சிறுவர்கள் பிஞ்சுகளைக் கையால் தடவிப் பார்ப்பதும் கிள்ளுவதும் அதனால் நின்றன.

நீர் விடுவதில் அப்பாயி கண்டிப்பானவர். சித்திரை வெயிலில் நடுப்பகலில் பூசணி இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பேரன் குடத்தோடு ஓடியபோது, “சாயந்தரம் வந்து பாரு, தானா நிமிந்துக்கும்” என்று தடுத்துவிட்டார். மாலையில் இலைகள் நிமிர்ந்தேயிருந்தன. வேர் உறிஞ்சும் அளவைக் காட்டிலும் விரைவாக இலை நீரை ஆவியாக வெளிவிடும்போது இத்துவளல் ஏற்படுகிறது. மண்ணில் ஈரம் இருக்குமாயின் வெயில் தாழ்ந்ததும் அது நீங்கிவிடும். விடியலிலும் இலை துவண்டிருந்தால் மட்டுமே செடிக்குத் தாகம் என்று பொருள். மாடித் தோட்டம் இடுவோர் செய்யும் தவறுகளுள் தலையாயது மிகுந்த நீர்விடுதலே என்று இன்று பயிற்சி வகுப்புகளில் கூறப்படும்போது, அத்தடுப்பின் அருமை விளங்குகிறது.

படிப்பும் வேலையும் அவரைச் சென்னைக்குக் கொண்டுசென்றன. வாடகை வீடுகளில் கழிந்த நீண்ட இடைவெளியில் கொல்லை என்பது ஊருக்குப் போகும்போது எட்டிப் பார்க்கும் இடமாகச் சுருங்கியது. அப்பாயியின் காலத்திற்குப் பின் மாடு விற்கப்பட்டது, எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் நின்றது, கிணற்றடிக்கு சிமெண்டுத் தளம் போடப்பட்டதும் நீர் சாக்கடைக் குழாய்க்குத் திரும்பியது. பந்தல் விழுந்ததை யாரும் குறிப்பாகக் கவனிக்கவில்லை. பின்னர்த் தாம்பரத்திற்கு அப்பால் ஒரு சிறு அடுக்கக வீட்டை வாங்கி, மேல்மாடியில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் கிடைத்தபோது, ஏறத்தாழ ஐம்பது வயதில், அவர் காய்கறி வளர்ப்பைத் தொடக்கநிலை மாணவராகக் கற்க நேர்ந்தது. கொல்லையில் பெற்ற அறிவு மாடிக்கு அப்படியே செல்லாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதற்சிக்கல் மண்ணின் எடை. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பையொன்றில் ஈரமண்ணை நிரப்பினால் அது 30 கிலோவுக்குக் குறையாது. அத்தகைய பைகள் வரிசையாக அமர்வதைத் தளம் தாங்குமா என்ற ஐயம் அடுக்ககக் கூட்டத்தில் எழுப்பப்பட்டதில் வியப்பில்லை. சென்னை மாடிகளில் கான்கிரீட்டுத் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, அதன்மேல் தட்டோடு பதித்து வெயிலையும் நீரையும் தடுப்பது வழக்கம். பை நேரடியாகத் தட்டோட்டின்மேல் அமர்ந்தால் அடியில் ஈரம் தேங்கி அவ்வடுக்கு கெடும் என்பதால், செங்கல் வைத்து உயர்த்துவதே முறை. எடையைக் குறைப்பதற்குத் தென்னை நார்க்கழிவு பயன்பட்டது. கயிறு திரிக்கும் தொழிலில் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் தூளே நார்க்கழிவு. கயிற்றுப் பட்டறைகளின் ஓரத்தில் குன்றுகளாகக் குவிந்து கிடந்த அது, தன் எடையைப் போல் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மையால், பின்னர் செங்கல் வடிவில் அழுத்தப்பட்டு விலைக்கு வந்தது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னைக்கும் கோவைக்கும் 2013-14ஆம் ஆண்டில் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மானிய விலைத் தொகுப்புகளை அளிக்கத் தொடங்கியபோது, பை, விதை, உரம் ஆகியவற்றோடு அதில் இடம்பெற்றதும் இந்நார்க்கழிவே.

அத்தொகுப்பை வீட்டிற்குக் கொண்டுவந்த நாளில், கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் பரப்பியபோது அவருக்கு ஏற்பட்ட உணர்வை வியப்பென்பதா வருத்தமென்பதா என்று சொல்வது கடினம். ஊரில் கால்பட்டு நகர்ந்துகொண்டிருந்த பொருள்கள் எல்லாம் அச்சிட்ட உறைகளில் வந்திருந்தன. நார்க்கழிவுச் செங்கல்லை வாளியில் இட்டு நீர் ஊற்றியதும் அது உப்பி விளிம்பைத் தாண்டியதைப் பார்த்து அவருடைய மகள் கைதட்டினாள். அதில் கலந்துள்ள உப்பு நீங்க இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்பதையும், நார்க்கழிவில் ஊட்டம் ஏறக்குறைய இல்லையாதலால் மட்கிய எருவையும் செம்மண்ணையும் சேர்த்தே நிரப்ப வேண்டும் என்பதையும் துண்டறிக்கையைப் படித்துச் சொன்னவளும் அவளே. 2007இல் தொடங்கிய பசுமை விகடன் இதழும், 2013 டிசம்பரில் மறைந்த நம்மாழ்வாரின் உரைகளும் நகரவாசிகள் பலரை இவ்வழியில் திருப்பியிருந்த காலம் அது. கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா, அதாவது சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ஊக்கக் கரைசல், சீசாவில் அடைக்கப்பட்டு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது. லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்க வேண்டும் என்பது விதி. அளந்து தெளிக்கும் பழக்கம் கொல்லையில் இருந்ததில்லை.

தொடக்கநிலையினர்க்கு எளிதென்று எல்லோரும் பரிந்துரைப்பது கீரை. முளைக்கீரை விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் பிடுங்கத்தக்கது. ஆயினும் அதன் விதை மிகச் சிறியதாதலால் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனுடன் உலர்ந்த மணலைக் கலந்து தூவுவதும், மேலே மண்ணை மூடாமல் பூவாளியால் மட்டும் நனைப்பதும் பழைய வழக்கம். விதைத்த மறுநாளே எறும்புகள் வரிசை கட்டி விதைகளைச் சுமந்துசென்றுவிட்டன. ஊரில் எறும்பு வராமைக்குக் காரணம், பாத்தியைச் சுற்றித் தூவப்பட்ட சாம்பல். மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? பல நாள் யோசனைக்குப் பின் விடை தெருமுனையில் நின்ற இஸ்திரி வண்டியில் கிடைத்தது. கரிப்பெட்டியில் எஞ்சிய சாம்பலை ஒவ்வொரு மாலையும் சாக்கடையோரம் கொட்டிவந்த அத்தொழிலாளர், அதை ஒருவர் டப்பாவோடு வந்து கேட்டபோது முதலில் நம்பவில்லை. பின்னர் தாமே ஒரு பெயிண்டு வாளியில் சேர்த்துவைக்கத் தொடங்கினார், முதல் கீரையில் ஒரு கட்டு அவருக்குச் சென்றது. சில ஆண்டுகளில் அவ்வண்டியும் எரிவாயு இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டது. எறும்புகளுக்கு வேறொரு பக்கத்தில் ரவையைத் தூவி, அவை அதைச் சுமந்து முடிப்பதற்குள் விதை முளைத்துவிடட்டும் என்று காத்திருப்பதே அதன் பின் கைக்கொண்ட வழி.

வெண்டையும் கத்தரியும் அடுத்தடுத்து வந்தன. வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம், ஒன்றரை மாதத்தில் காய் வரும். கத்தரியை நாற்றாக வளர்த்து நான்கைந்து வாரத்திற்குப் பின் பிடுங்கி நட வேண்டும். வெண்டையில் இலைநரம்புகள் மஞ்சளாகி இலையே வலைபோல் தோன்றும் நோய் வெள்ளை ஈயால் பரவும் நச்சுயிரியின் வேலை என்பதும், அதற்கு மருந்தில்லாமையால் அச்செடியை அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும் என்பதும் அப்போது கற்றவை. வளர்த்த செடியைப் பிடுங்கி எறிவதற்கு வீட்டில் ஒருவருக்கும் மனம் வராமல், அதை மட்டும் தனியே மூலையில் வைத்துச் சில நாள் பார்த்ததும், அதற்குள் ஈக்கள் பக்கத்துப் பைக்குத் தாவியதும் பெரும்பாலான மாடிகளில் நிகழ்வதே.

பூச்சியைப் பற்றிப் பேசுகையில் மாவுப்பூச்சியை விட்டுவிட இயலாது. மாடிக்குப் பைகள் ஏறுவதற்கு முன்பே, கீழே வாயிலோரம் நின்ற செம்பருத்தியின் தண்டுகள் ஓராண்டில் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்துப்போயின. 2008இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைத் தமிழகமெங்கும் அழித்துக்கொண்டிருந்த பப்பாளி மாவுப்பூச்சியே அதற்குக் காரணம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தும், பழைய பல்துலக்கியால் தண்டைத் தேய்த்தும், நீரைப் பீய்ச்சி அடித்தும் அது திரும்பத் திரும்ப வந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று அழித்தது. செம்பருத்தி எவரும் தொடாமலே ஒரு பருவத்தில் துளிர்த்தது. தெருவில் ஒவ்வொருவரும் தாம் தெளித்த கரைசலே அதைக் காப்பாற்றியதாகக் கூறினர். அவர்களிடம் குளவியைப் பற்றி எடுத்துரைத்துப் பயனில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

விதைத் திருவிழா ஒன்றில் நீளப் புடலை விதை கிடைத்ததும் மாடியில் பந்தல் எழும்பியது. கொடி செழித்தது, மாலை மயங்கியபின் ஓரங்களில் நூல்நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூக்கள் விரிந்தன, பெண்பூக்களோ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. புடலை இரவில் மலர்வது. அந்துப்பூச்சிகளே அதன் மகரந்தத்தைக் கொண்டுசெல்பவை. இருட்டிய பின் பந்தலடிக்குப் போகக் கூடாது என்று ஊரில் பிள்ளைகளைத் தடுத்தது பாம்புக்கு அஞ்சியே ஆனாலும், அதனால் பூச்சிகளின் வேலையும் இடையூறின்றி நடந்தது போலும். மாடியில் அவ்வேலையை வீட்டாரே ஏற்க வேண்டியதாயிற்று: இரவு உணவுக்கு முன் கைவிளக்கோடு ஏறி, ஆண்பூவைப் பறித்து இதழ்களை மடக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவும் அம்முறையை மகள் கைபேசிக் காணொளியில் பார்த்துக் கற்றிருந்தாள். ஒரு வாரத்தில் பிஞ்சுகள் இறங்கத் தொடங்கின. பந்தலின் உயரம் ஆறடி, காயின் நீளம் ஐந்தடி, நடுவே பைகளின் உயரம் ஓரடி. இக்கணக்கு முன்பே யாருக்கும் தோன்றவில்லை. நுனி பைவிளிம்பைத் தொட்டபோது, கட்டட வேலையில் மிஞ்சிய கருங்கல் ஜல்லியைத் தேடிவந்து கட்டிய அவர், அது தேவையா என்று கேட்ட மனைவியிடம் காய் நேராக வருவதற்கென்றே சொன்னார். அப்பந்தல் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கொடியோடு பறந்துபோய், இரண்டு வீடுகளுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டியின்மேல் விழுந்தது. அதன்பின் மாடியில் உயரப் பந்தல் எழவில்லை, கைப்பிடிச் சுவரோரம் வலை கட்டிக் கொடியேற்றும் முறையே நிலைத்தது.

சமையலறைக் கழிவை மட்கவைக்கும் முறையும் இக்காலத்தில் கைவந்தது. காய்த்தோல் முதலிய பச்சைக் கழிவில் தழைச்சத்து மிகுதி, சருகு, நார்க்கழிவு முதலிய உலர்பொருளில் கரிமம் மிகுதி. கரிமம் ஏறத்தாழ முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்னும் அளவில் கலந்தால்தான் நுண்ணுயிர்கள் சீராக வேலை செய்யும், பச்சை மிகுந்தால் நாறும், உலர்ந்தது மிகுந்தால் அப்படியே கிடக்கும். தொட்டியைத் திறந்ததும் எழுந்த நாற்றத்தால் கீழ்வீட்டாரின் முறையீட்டைப் பெற்றுக்கொண்டதும், சருகைத் தேடித் தெருவில் பெருக்கித் திரிந்ததும் இதில் அடங்கும். ஒருமுறை, நன்கு மட்கிய எருவை அள்ளியபோது வந்த மணம், மழைக்குப் பிந்திய எருக்குழியின் மணமாக இருந்தது. ஊரில் அம்மணம் வீட்டின் பின்புறத்திற்கு உரியதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர், மாடியில் அதை மனைவிக்கும் மகளுக்கும் முகரக் கொடுத்தார். அவர்கள் மரியாதைக்காக முகர்ந்தனர்.

இவையனைத்திலும் மிகுந்த பொறுமையைக் கேட்டது அவரை. ஆண்டு முழுதும் காய்க்கும் குத்து அவரை இரகங்கள் இப்போது பல உண்டு. ஆனால் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது பழைய பந்தல் அவரை. அது பகற்பொழுது குறுகினால் மட்டுமே பூக்கும் இயல்புடையது; ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் கார்த்திகை, மார்கழி வரை இலையும் கொடியுமாகவே படரும். ஐப்பசி மழையில் வலை முழுவதையும் மூடிப் பக்கத்துப் பைகளின் வெளிச்சத்தையும் மறைத்த கொடியைக் கண்டு, இது ஆண்கொடி போலும், வெட்டிவிடலாம் என்று மேல்தளத்து வீட்டார் அறிவுரை கூறினர். விதைக் கடைக்காரரும், காய்க்காத இரகமாக இருக்கும் என்று வேறு பொட்டலத்தை நீட்டினார். மகள் இணையத்தில் தேடி, தழைச்சத்து மிகுந்தால் பூக்காது என்று கண்டுபிடித்து எருவிடுவதை நிறுத்தச் சொன்னாள், அதுவும் தவறில்லை. ஊரில் திருவாதிரைக் களிக்குத் துணையாகும் ஏழுகறிக் கூட்டிலும் பொங்கற் குழம்பிலும் அவரை தவறாமல் இடம்பெற்றதை நினைத்துப் பார்த்தே அவர் வெட்டாமல் விட்டுவைத்தார். அக்காய்கள் அப்பண்டிகைகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவையல்ல, அப்பொழுது கொல்லையில் இருந்தவை.

கார்த்திகைக் கடைசியில் ஊதாநிறப் பூங்கொத்துகள் வெளிவந்தன. அதன்பின் பறித்து மாளவில்லை; தை முழுவதும் ஒவ்வொரு தளத்திற்கும் கைப்பையில் காய் சென்றது. இளந்தம்பதி ஒருவருக்கு அவரையின் இருபக்க நாரை உரித்தபின்னரே நறுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. அதைக் காட்டுவதற்கென்று மனைவி கீழிறங்கிப் போய், அவர்களுடைய அடுக்களையிலேயே பொரியலையும் முடித்துக்கொடுத்துவிட்டு வந்தார். மாசியில் அத்தம்பதி, தங்கள் பால்கனிக்கு வெயில் நான்கு மணிநேரம்தான் வருகிறது, அவரை வருமா என்று கேட்டு நின்றனர். நான்கு மணிநேர வெயிலுக்குக் கீரையும் புதினாவுமே பொருந்தும், அவரைக்கு மேல்மாடியில் தம் வலையின் ஒரு மூலையை விட்டுத்தருவதாகக் கூறி, முற்றிய நெற்றுகளிலிருந்து உரித்த விதைகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். ஆடி பிறந்தபின் ஊன்ற வேண்டும் என்றும், கார்த்திகைவரை யார் என்ன சொன்னாலும் கொடியைக் கழிக்கக் கூடாது என்றும் டப்பாவின்மேல் ஒட்டிய தாளில் மகள் எழுதினாள்.